வீட்டில் விழும் ஃப்ரீ த்ரோ, மேட்சில் முன் ரிங்கில் இடிக்கிறது

கேட்டவர்:
வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில், நகர்த்தக்கூடிய கூடைப்பந்து ஸ்டாண்டு ஒன்று வைத்திருக்கிறேன். டேப்பால் 15 அடி அளந்து, சாக்பீஸ் கோடு போட்டு, தினமும் 100 ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பிறகு கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போடும் ஷாட்). பத்துக்கு ஏழெட்டு விழுகிறது. மேட்சில் நாலு விழுந்தால் அதிகம். தவறுவதெல்லாம் ஒரே மாதிரி: நேராகப் போய், முன் ரிங்கில் இடித்து, என்னிடமே திரும்பி வருகிறது. 7ஆம் எண் ரப்பர் பந்து. கோளாறு பந்திலா, ஸ்டாண்டிலா, என்னிடமா?

குட்டை கார்டு:
முதலில் காற்றைப் பாருங்கள் ப்ரோ. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று காற்றுத் துளைக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9 பிஎஸ்ஐ. பம்ப் ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசியால் நான் ஒரு பந்தையே பாழாக்கியிருக்கிறேன்.

பழைய கோச்:
காற்று கூடினாலும் குறைந்தாலும் ரிங்கில் பட்ட பிறகுதான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இங்கே பந்து ரிங்கைத் தாண்டவே இல்லை. தம்பி, அந்த 15 அடியை எங்கிருந்து அளந்தீர்கள்? கம்பத்தின் அடியிலிருந்து என்றால் அதுதான் கோளாறு. ரிங் மாட்டியிருக்கும் போர்டு கம்பத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், தூரத்தை அதிலிருந்துதான் அளக்க வேண்டும். போர்டின் கீழ் விளிம்பில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். அது ஆடி நிற்கும் இடத்திலிருந்து, கோட்டில் நீங்கள் நிற்கும் பக்கத்து ஓரம் வரை 4.6 மீட்டர் வேண்டும். ரிங்கின் உயரத்தையும் பாருங்கள். 3.05 மீட்டர் என்பதை ஸ்டாண்டின் அடியில் மட்டும் அளந்தால் போதாது, நீங்கள் நிற்கிற தரை அதே மட்டத்தில் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
அண்ணா, மாட்டிக்கொண்டேன். கம்பத்திலிருந்துதான் அளந்திருக்கிறேன். நூல் கட்டிப் பார்த்தால் போர்டு 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. இத்தனை நாளும் நான் போட்டது கிட்டத்தட்ட 4 மீட்டரிலிருந்து! போதாததற்கு, மழைத் தண்ணீர் ஓடத் தரையைச் சரித்திருக்கிறார்கள். ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தோம், நான் நிற்கும் பக்கம் 5 சென்டிமீட்டர் மேடு. தூரமும் குறைவு, ரிங்கும் தாழ்வு.

இடதுகை:
அளவு ஒரு காரணம், சரி. ஆனால் முன் ரிங்கில் இடிப்பதற்குக் கால் களைப்பும் காரணமாகும். வீட்டில் ஓடாமல் நின்றபடியே 100 போடுகிறீர்கள். மேட்சில் ஓடி, மோதி, மூச்சிரைக்க வந்து கோட்டில் நிற்கிறீர்கள். முழங்கால் மடங்காது, கையால் தள்ளத் தோன்றும். நாலு முறை வேகமாக ஓடிவிட்டு இரண்டு ஷாட், மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு என்று போட்டுப் பாருங்கள். சர்வதேச விதிப்படி பந்து கைக்கு வந்தபின் 5 விநாடிதான். அதையும் மனதுக்குள் எண்ணுங்கள்.

கேட்டவர்:
இரண்டு வாரம் ஆயிற்று. ஸ்டாண்டைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்து, புதுக்கோடு பெயிண்டால் போட்டேன். முதல் நாள் பத்துக்கு மூன்று! இப்போது ஆறு. ஓடிவிட்டுப் போட்டால் ஐந்து. மேட்சிலும் ஐந்து வருகிறது. வீட்டுக் கணக்கும் மேட்ச் கணக்கும் ஒத்துப்போவதே நிம்மதி. அதே 4 மீட்டரில் தங்கைக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். 5ஆம் எண் பந்து வைத்திருக்கிறாள்.

பழைய கோச்:
அதை அழிக்காதீர்கள். சிறுவர்களுக்கான மினி பாஸ்கெட்பாலில் ஃப்ரீ த்ரோ தூரமே 4 மீட்டர்தான். ரிங்கை மட்டும் அவளுக்கு 2.60க்கு இறக்குங்கள். அப்புறம் மறக்காமல் 3.05க்கு ஏற்றிவிட்டு நீங்கள் போடுங்கள்.