டிராக் ரேஸ் (நேர்கோட்டு ஓட்டம்) பைக்குக்கு எந்த சிந்தெடிக் ஆயில்? கார் ஆயில் ஊற்றலாமா?

குவார்ட்டர்மைல்:
என்னுடையது ஹயபூசா 1340. ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) நீட்டியது, ஏர் ஷிஃப்டர் (காற்றழுத்தத்தில் கியர் மாற்றுவது), லாக்-அப் கிளட்ச் (வேகமாகச் சுற்றும்போது சிறு ஆர்ம்கள் வெளியே தள்ளி பிளேட்டுகளை இறுக்குவது). டர்போவும் இல்லை, நைட்ரஸும் இல்லை, வெறும் பெட்ரோல். கால் மைல் ஓட்டம் மட்டும்தான், ரோட்டில் இறக்குவதில்லை. இப்போது உள்ளே இருப்பது கம்பெனி சொல்லும் 10டபிள்யூ-40 (பின் எண் கூடக் கூட, சூட்டில் ஆயில் கெட்டி). கூட ஓட்டும் நண்பன், "402 மீட்டர் ஓட எதற்கு இவ்வளவு கெட்டியான ஆயில்? கார் ஆயில் 0டபிள்யூ-20 ஊற்று, பவர் சும்மா கிடைக்கும்" என்கிறான். இன்னொருவர் எஸ்டர் (ஒருவகைச் செயற்கை) ஆயிலைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எப்போது மாற்றுவது?

வால்வுதட்டி:
தம்பி, முதலில் கிளட்ச்சைக் கேளுங்கள், இஞ்சினை அப்புறம் கேட்கலாம். உங்கள் வண்டியில் கிராங்க், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. கார் இஞ்சினுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் 1998-இல் ஜப்பான்காரர்கள் பைக்குக்கென்றே ஜாசோ டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் கிளட்ச் பிடிக்கும், எம்பி என்றால் உராய்வு குறைவு. 2006-இல் எம்ஏவையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள். எம்ஏ2-தான் அதிகப் பிடிப்பு. உங்களுக்கு அதுதான் வேண்டும்.

நண்பர் சொல்லும் 0டபிள்யூ-20 டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த ஆயில் அது. மேல் கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வண்டி இழுக்காது. அப்புறம் கிளட்ச்சைப் பிரித்தால் ஸ்டீல் பிளேட்டில் நீலத் திட்டுகள், ஃபைபர் பிளேட்டின் முகம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. இப்படி வரும் பிளேட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கெட்டித்தன்மை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 150 டிகிரி சூட்டில் அழுத்தி அரைக்கும்போது 0டபிள்யூ-20 ஆயிலிடம் எதிர்பார்க்கும் குறைந்தபட்சக் கெட்டித்தன்மை 2.6 மில்லிபாஸ்கல்-செகண்ட். 10டபிள்யூ-40க்கு அது 3.5. பேரிங்கைக் காப்பாற்றும் படலம் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. பெரிய பிஸ்டன், கிளட்ச்சை விட்டதும் முழு த்ராட்டில், இந்த நிலையில் அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. மெல்லிய ஆயிலில் கொஞ்சம் பவர் கூடும் என்பது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. இன்னொன்று, கியர் பற்கள் ஆயிலிலுள்ள நீண்ட பாலிமர் இழைகளை வெட்டித் தள்ளும். 40 என்று ஊற்றியது நாளடைவில் 30 ஆகிவிடும். ஏற்கெனவே 20 என்றால்?

எஸ்டரா என்றால், நல்லதுதான், உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 'ஃபுல் சிந்தெடிக்' என்ற எழுத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. 1999-இல் மொபில், காஸ்ட்ரால் இரண்டுக்கும் நடந்த விளம்பரத் தகராறில், குரூப் 3 ஆயிலையும் (கச்சா எண்ணெயை மிக நன்றாகச் சுத்திகரித்தது) சிந்தெடிக் என்று சொல்லலாம் என்று அமெரிக்காவில் தீர்ப்பானது. குரூப் 4 என்பது பிஏஓ, ரசாயன முறையில் உருவாக்கிய ஆயில். அது மட்டும் இருந்தால் சீல் சுருங்கும், மருந்துகளும் சரியாகக் கரையாது. அதனால் கொஞ்சம் எஸ்டர் சேர்ப்பார்கள். எம்ஏ2 முத்திரை உள்ள நல்ல 10டபிள்யூ-40 எதுவானாலும் சரி. தேர்ந்தெடுத்த பிறகு மாற்றாதீர்கள். ஆயிலை மாற்றினால் கிளட்ச் பிடிக்கும் விதம் மாறும், முதல் 60 அடியைக் கடக்கும் நேரமும் மாறும். அதுவரை செய்து வைத்த கிளட்ச் செட்டிங் வீண்.

ஸ்லைடர்_ரசிகன்:
ஒரு மாற்றுக் கருத்து. லாக்-அப் இருக்கிறதே? ஆர்பிஎம் ஏற ஏற அந்த ஆர்ம்கள் பிரஷர் பிளேட்டை அழுத்தும். நான் கார் ஆயில்தான் ஊற்றுகிறேன், ஸ்லிப் ஆனதே இல்லை.

வால்வுதட்டி:
மேலே ஏறிய பிறகு அழுத்தும், சரி. புறப்படும் நேரத்தில்? அப்போது ஆர்ம்கள் பாதி உறக்கத்தில் இருக்கும். பிடிப்பைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் ஆயிலும்தான். நீங்கள் ஸ்பிரிங்கைக் கடினமாக்கி ஈடுகட்டியிருப்பீர்கள். அது உங்கள் வண்டிக்குச் செட் ஆகியிருக்கலாம். கேள்வி கேட்டவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மெத்தனால்காரன்:
எப்போது மாற்றுவது என்ற கேள்வியை விட்டுவிட்டீர்களே. கிலோமீட்டர் கணக்கு இதற்கு ஒத்துவராது. குறுகிய ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் இஞ்சின் அணைந்துவிடும். உள்ளே இறங்கிய பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். என் வண்டி மெத்தனால், அதன் காற்று-எரிபொருள் கலவை விகிதம் 6.4-க்கு 1. பெட்ரோலுக்கு 14.7. அதாவது இரு மடங்குக்கு மேல் எரிபொருள் உள்ளே போகிறது. ஒரு நாள் ஓட்டம் முடிந்தால் ஆயில் அளவு காட்டும் பார்வைக் கண்ணாடியில் ஆயில் பால் கலந்த மாதிரி தெரியும், அன்றே வடித்துவிடுவேன். உங்களுடையது பெட்ரோல், அவ்வளவு அவசரம் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் மாற்றுங்கள்.

குவார்ட்டர்மைல்:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். 10டபிள்யூ-40 எம்ஏ2-வோடு இருந்துவிடுகிறேன். அளவை மேல் கோட்டுக்கு மேலே வைக்கலாமா? புறப்படும்போது ஆயில் பிரஷர் விளக்கு ஒரு கணம் மின்னுகிறது.

வால்வுதட்டி:
அந்த மின்னலை அலட்சியம் செய்யாதீர்கள். பாய்ச்சலில் ஆயில் முழுக்க சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பின்பக்கம் ஓடுகிறது, பிக்கப் (ஆயிலை உறிஞ்சும் குழாய்) காற்றை உறிஞ்சுகிறது. அளவை மேல் கோட்டில் வையுங்கள். ரொம்ப ஏற்றினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், இருக்கிற பவரும் போகும். சரியான மருந்து, சம்ப்பில் தடுப்புத் தகடும் பின்பக்கம் தள்ளிய பிக்கப்பும். அதைச் செய்யும்வரை ஓட்டத்தை நிறுத்தி வையுங்கள். இப்போதே ஃபில்டரைக் கழற்றி, தகர உறையை வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். வெள்ளி நிறத் தூள் காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, கியரைச் சந்தேகப்படுங்கள். ஒட்டாமல் மினுமினுத்தால் பேரிங்காக இருக்கலாம். படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.