பழுதான டிஸ்க்கை உடனே கழற்றாதீர்கள்: ஓடும் சர்வரில் மாற்றிய அனுபவம்

முகூர்த்த மாதத்தில் கல்யாண ஸ்டுடியோவின் சர்வரை நிறுத்தச் சொல்லவே முடியாது. ஆல்பம் வடிவமைப்பவர்களும் வீடியோ தொகுப்பவர்களும் இரவு வரை அதில்தான் வேலை செய்வார்கள். நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு, பிடிஆர்எஃப்எஸ் என்னும் லினக்ஸ் கோப்பு முறைமையில் ரெய்டு 1 ஆக, அதாவது ஒவ்வொன்றுக்கும் வேறொரு டிஸ்க்கிலும் பிரதி இருக்கும்படி, ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தடுமாறத் தொடங்கியது. டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197ஆம் வரி, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை, பார்க்கும்போதெல்லாம் ஏறியிருந்தது. கேபிள் கோளாறைக் காட்டும் 199ஆம் வரி பூஜ்யத்திலேயே இருந்தது. ஆக, கேபிளை மாற்றித் தப்பிக்க வழியில்லை.

"அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள் தம்பி" என்றார் உரிமையாளர். பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். நான் மறுத்தேன். ரெய்டு 1இல் எத்தனை டிஸ்க் இருந்தாலும் பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் இரண்டு பிரதிகள்தான் வைக்கிறது. பழுதான டிஸ்க்கைக் கழற்றிய நொடியில், அதில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒற்றைப் பிரதிதான் மிஞ்சும். மற்ற மூன்றில் எங்காவது ஒரு செக்டர் படிக்கவில்லையென்றால் அந்தக் கோப்பு போனதுதான். அரைகுறையாக ஓடும் டிஸ்க்கிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் நல்ல தரவு இருக்கக்கூடும். அதை ஏன் கைவிட வேண்டும்?

காலியாக இருந்த தட்டில் புதிய டிஸ்க்கைச் செருகி, 'பிடிஆர்எஃப்எஸ் ரீப்ளேஸ்' கட்டளையைக் கொடுத்தேன். 2013இல் வந்த லினக்ஸ் 3.8 முதலே இது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இருக்கிறது. முன்பெல்லாம் புதிய டிஸ்க்கைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குவார்கள். அந்த முறையில் தரவுத் துண்டுகள் டிஸ்க்குகளுக்கிடையே இடம் மாறிக்கொண்டே இருக்கும். முடிய வெகுநேரம் ஆகும். ரீப்ளேஸ் அப்படியில்லை, பழையதில் இருப்பதைப் புதியதற்கு நேராக எழுதுகிறது. இடையே யாராவது கோப்பைச் சேமித்தால், பழைய டிஸ்க்குக்குப் போக வேண்டிய அந்த எழுத்து புதியதற்கும் சேர்ந்தே போகும்.

ஆர் என்னும் தெரிவை மறக்காமல் சேருங்கள். அதைக் கொடுத்தால், வேறெங்கும் பழுதற்ற பிரதி இல்லாத இடங்களுக்கு மட்டுமே பழைய டிஸ்க்கைத் தொடும். நோய்ப்பட்ட டிஸ்க்குக்கு அவ்வளவு ஓய்வு தேவை.

இன்னொன்றையும் முன்கூட்டியே செய்யுங்கள். சாதாரண மேசைக்கணினி டிஸ்க்குகள் பழுதான செக்டரை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். கர்னலோ வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கும். டிஸ்க் காணாமலே போய்விடலாம். ஸ்மார்ட்சிடிஎல் கருவியால் டிஸ்க்கின் முயற்சியை 7 நொடிக்குள் நிறுத்தலாம். பத்தில் ஒரு நொடிக் கணக்கு என்பதால் கட்டளையில் கொடுக்கும் மதிப்பு 70. டிஸ்க் அதை ஏற்கவில்லையென்றால் கர்னலின் பொறுமையை 180 நொடியாக உயர்த்துங்கள்.

நிலையைக் கேட்டால் ஒரே ஒரு வரி வரும்: இத்தனை சதவீதம் முடிந்தது, எழுதும் பிழை 0, திருத்த முடியாத படிப்புப் பிழை 0. இரவெல்லாம் அந்தக் கடைசிப் பூஜ்யத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறவே இல்லை. மறுநாள் முழுவதும் தொகுப்பாளர்கள் வேலை செய்தார்கள், கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றதோடு சரி. முடிந்ததும், எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓட்டிப் பார்த்த பிறகே பழையதைக் கழற்றினேன்.

மறுமொழி:

அண்ணா, எனக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. வீட்டுச் சர்வரில் இரண்டே டிஸ்க். ஒன்று ஒரேயடியாகச் செத்துவிட்டது, பயாஸில்கூடத் தெரியவில்லை. டிஸ்க் குறைந்தாலும் திறக்க விடும் டிகிரேடட் என்ற தெரிவோடு மவுண்ட் செய்து (கோப்பு முறைமையை இணைத்து), காணாமல் போன டிஸ்க்கின் பெயருக்குப் பதிலாக அதன் அடையாள எண்ணைக் கொடுத்து ரீப்ளேஸ் செய்தேன். எண் தெரியாதவர்கள் 'ஃபைல்சிஸ்டம் ஷோ' பட்டியலில் எந்த எண் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பழைய கர்னல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 4.14க்கு முந்தையவற்றில், இரண்டு டிஸ்க் ரெய்டு 1ஐ டிகிரேடட் நிலையில் எழுதும்படி ஒருமுறை மவுண்ட் செய்தால், அடுத்த முறை படிக்க மட்டுமே விடும் அபாயம் இருந்தது. புதிய கர்னலிலும் அந்த இடைவெளியில் எழுதியவை ஒற்றைப் பிரதியாக நிற்கக்கூடும். மாற்றி முடித்ததும் தரவுத் துண்டுகளைத் திரும்ப எழுதி ரெய்டு 1க்கு மாற்றும் பேலன்ஸ் கட்டளையை 'சாஃப்ட்' சேர்த்து ஓட்டுங்கள். மாற வேண்டியவை மட்டும் மாறும்.

மறுமொழி:

பதிவை எழுதிய நான்தான். தம்பி சொன்னது சரி, டிகிரேடட் நிலையில் தேவைக்கு மேல் ஒரு கோப்பும் எழுதாமல் இருப்பதே நல்லது.

என்னிடம் தனியே கேட்டவர்களுக்கும் சேர்த்து: புதிய டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் கூடுதல் இடம் தானாக வராது. 'ரீசைஸ்' கட்டளையில் அந்த அடையாள எண்ணையும் மேக்ஸ் என்பதையும் கொடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கின் எண்ணையே புதியது எடுத்துக்கொள்வதால் எண் மாறாது. நடுவில் மின்சாரம் போனாலும், அடுத்து மவுண்ட் ஆனதும் ரீப்ளேஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கழற்றும்போது லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு இடும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்களை நம்பாதீர்கள். மறுதொடக்கத்தில் அவை இடம் மாறக்கூடும். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஸ்மார்ட் அறிக்கையில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்ட பிறகே கைப்பிடியை இழுப்பேன்.