கூலன்ட் குறைகிறது, கசிவு மட்டும் கண்ணில் படவில்லை

வணக்கம் நண்பர்களே. 8 வருடம் ஓடிய பெட்ரோல் கார், தினமும் வேலைக்கு எடுக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு விஷயம் மனதை அரிக்கிறது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து பார்த்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறது. மேல் கோடு வரை ஊற்றினால் பத்தே நாளில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடுகிறது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அட்டைப் பெட்டியைப் பிரித்து இரவெல்லாம் விரித்து வைத்தும் பார்த்துவிட்டேன்.

இன்ஜினுக்குள்ளேயே கசிகிறதா என்று எனக்குத் தெரிந்த சோதனைகளைச் செய்தேன். ஆயில் மூடியின் உட்புறம் மோர் மாதிரி வெளுத்த படிவு இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறமும் சரி. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் ஏறவில்லை. ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கிளிப் ஓரத்தில் பச்சையாகப் பொடி படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. சூட்டில் கசிந்து அங்கேயே காய்ந்துவிடுகிறதோ என்று சந்தேகம்.

மெக்கானிக் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது என்கிறார். கூலன்ட் பாதையில் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடும் பிரஷர் டெஸ்ட்கூடச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. முதலில் கிளிப்பையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிப் பார்க்கலாமா? வாட்டர் பம்ப் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், அவசரத்துக்கு இரண்டு முறை வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டேன். முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டுமா?

அடுத்த வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் போக வேண்டும். இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.