ஆல்ஃபாஃபோல்டு மாதிரியில் டாக்கிங் சரியாக வரவில்லை, உதவி தேவை

காசநோய்க் கிருமியின் இன்ஹெச்ஏ புரதத்தில், அதைத் தடுக்கும் டிரைக்ளோசான் என்ற சிறு மூலக்கூறை ஆட்டோடாக் வினா மென்பொருள் மூலம் டாக்கிங் (புரதத்தில் எங்கே, எப்படிப் பொருந்தும் எனக் கணித்தல்) செய்கிறேன். சோதனையில் கண்ட படிக அமைப்பில் மீள்டாக்கிங் செய்தால் ஆர்எம்எஸ்டி (உண்மை நிலையிலிருந்து விலகல்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் அழகாக வருகிறது. அதே புரதத்துக்கு ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற ஏஐ கணித்த மாதிரியில் மூலக்கூறு, அது பிணைய வேண்டிய பைக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கிறது. டைரோசின் 158 (158-ஆம் அமினோ அமிலம்) உடன் வரவேண்டிய ஹைட்ரஜன் பிணைப்பைக் காணோம். இந்த மாதத் தொடக்கத்திலிருந்து இதே கதைதான்.

ஆல்ஃபாஃபோல்டு 2 துணைக்காரணிகளை (புரதம் வேலை செய்யத் தேவையான துணை மூலக்கூறுகள்) தராது என்பதால், மாதிரியைப் படிக அமைப்பின் மேல் பொருத்தி, இந்தப் புரதத்தின் துணைக்காரணியான என்ஏடி-யை நானே வைத்தேன். அதற்கு முன் டிரைக்ளோசான் நேராக என்ஏடி-யின் இடத்திலேயே போய் உட்கார்ந்தது, அதுவாவது நின்றது. வினா தேடும் இடமான கிரிட் பெட்டியைப் பெரிதாக்கினேன். எக்ஸாஸ்டிவ்னெஸை (தேடலின் தீவிரம்) 8-லிருந்து 32 ஆக்கினேன், நேரம்தான் கூடியது. பைப் பகுதியில் பிஎல்டிடிடி (100-க்கு மாதிரியின் நம்பக மதிப்பெண்) 90-க்கு மேல், ஆகவே மாதிரி மோசம் என்றும் சொல்ல முடியவில்லை. 200-ஆம் அமினோ அமிலத்தை ஒட்டிய, அடிமூலக்கூறு பிணையும் இடத்தின் வளையம் உள்நோக்கி மூடியிருப்பதுபோல் தெரிகிறது; என் சந்தேகம் அதன் மேல்தான்.

வினா 1.2.5, உபுண்டு 22.04, கல்லூரி ஆய்வகக் கணினி, ஜிபியு கிடையாது. படிக அமைப்பே இல்லாத வேறொரு புரதத்துக்கு அப்புறம் இதே வழியில் போக வேண்டும், அதனால் படிக அமைப்பையே வைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

இந்த வளையத்தைத் திறக்க, ஜிபியு இல்லாமல் ஓடக்கூடிய வழி எது?