எரிவாயு சுடுநீர்க் கருவியில் மஞ்சள் சுவாலை: நாமே திருத்தலாமா?

கேள்வி: உப்புவெளி வாசகி

வணக்கம். திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் கடற்கரையோரமாக உள்ள எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். 12.5 கிலோ சிலிண்டரில் இயங்கும் சுடுநீர்க் கருவியொன்றை ஒரு குளியலறையின் உட்சுவரில் பொருத்தியிருக்கிறோம். முன்பு நீலமாக எரிந்த சுவாலை இப்போது மஞ்சளாக நீண்டு எரிகிறது. மூடியின் மேல் விளிம்பைத் தொட்டால் விரலில் கரி ஒட்டுகிறது. சில வேளைகளில் குழாயைத் திறந்தாலும் 'டிக் டிக்' என்ற ஓசை மட்டும் கேட்கிறதே தவிர, கருவி பற்றுவதில்லை. மூடியைக் கழற்றி பர்னரைத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும் என்று அயலில் குழாய் வேலை செய்பவர் கூறுகிறார். இவற்றில் எதை நாங்களே செய்யலாம்?

பதில் 1: புலம்பெயர்ந்த திருமலையான்

அக்கா, நான் இங்கிலாந்தில் வீட்டுப் பொயிலர்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் சொல்வன இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

பற்றாமல் ஓசை மட்டும் வருவது பெரும்பாலும் சிறிய விடயம். பற்றரி தளர்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள வலையில் மண் அடைத்து அழுத்தம் குறைந்திருக்கலாம். பற்றரியை மாற்றுவதையும், தண்ணீரை அடைத்துவிட்டு அந்த வலையைக் கழுவுவதையும் நீங்களே செய்யலாம்.

மஞ்சள் சுவாலையும் கரியும் அப்படியல்ல. எரிவாயு முழுமையாக எரியப் போதிய காற்றுக் கிடைக்கவில்லை என்பதற்கு அவை அடையாளம். அவ்வாறு எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் சேர்வதால், குளித்துக்கொண்டிருப்பவர் தலையிடி, மயக்கம், குமட்டல் ஆகியவற்றைக் களைப்பென்று எண்ணியபடியே சரிந்துவிடக்கூடும். தயவுசெய்து இன்றே சிலிண்டரின் வால்வை மூடி, கருவியைப் பாவனையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

மூடிக்குள் இருக்கும் எதையும் நீங்களோ குழாய் வேலை செய்பவரோ தொட வேண்டாம். இங்கு 2009 ஏப்ரல் 1 முதல் 'காஸ் சேஃப்' என்ற எரிவாயுத் தொழிலாளர் பதிவேட்டில் உள்ளவரே வீடுகளில் எரிவாயு வேலை செய்யலாம். எந்தெந்த வேலைக்கு ஒருவர் தகுதி பெற்றவர் என்பது அவரது அட்டையின் பின்புறத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டை வாடகைக்கு விடுபவர் 12 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிப்பித்துச் சான்று பெறுவதும் சட்டக் கடமை. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் அறைகளுக்குப் பணம் வாங்குபவர் என்ற வகையில் அதே ஒழுங்கை நீங்களும் கடைப்பிடிக்க வேண்டுமென்றே நான் சொல்வேன்.

பதில் 2: நிலாவெளி வீதி

கடற்கரையில் உப்புக் காற்றுப் பித்தளை நொசிலில் பச்சையாகப் பூத்துவிடும். பர்னரின் காற்றுத் துளைகளில் சிலந்தி கூடு கட்டும். உங்கள் சுவாலை மஞ்சளானதற்கு இவை காரணமாக இருக்கலாம். ஆனால் என்னை அதைவிட அச்சுறுத்துவது கருவி இருக்கும் இடந்தான். மாரி காலத்தில் மழைச் சாரலுக்குப் பயந்து விருந்தினர் யன்னலை இறுக்கிச் சாத்துவார்கள். புகைப்போக்கி கடலைப் பார்த்து இருந்தால் வாடைக்காற்று புகையைத் திரும்ப உள்ளேயே தள்ளும். குளியலறைக்குள் இந்த வகைக் கருவி இருக்கவே கூடாது. காற்றோட்டமான வெளிச்சுவரில், மழை படாத கூரையின் கீழ் மாற்றிப் பொருத்துவதே சரி.

உப்புவெளி வாசகி

மிக்க நன்றி. வால்வை மூடிவிட்டோம். வருபவர் தகுதியானவரா என்பதை எப்படி அறிவது?

பதில் 3: புலம்பெயர்ந்த திருமலையான்

கருவியை விற்ற நிறுவனத்தின் சேவைப் பிரிவையே முதலில் கேளுங்கள். வருபவர் பர்னரைத் துடைப்பதோடு நின்றுவிடாமல் றெகுலேற்றரின் அழுத்தத்தை மானியால் அளக்கிறாரா, இணைப்புகளைச் சவர்க்காரத் தண்ணீரால் சோதிக்கிறாரா, புகை வெளியேறுவதைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். செய்த வேலையை எழுத்தில் தர மறுப்பவரை அனுப்பிவிடுங்கள். காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் வாங்கிப் பொருத்துங்கள்.

எப்போதாவது எரிவாயு மணம் வந்தால் கவனம்: இந்த எரிவாயு காற்றைவிடப் பாரமானது, தரையோடு தங்கும். ஆகவே மின் ஆளிகளைத் தொடாமல் கதவுகளைத் திறந்து எல்லாரையும் வெளியேற்றுங்கள். யாருக்காவது மயக்கமென்றால் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.