புதுப்பிப்பு: இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரே திக்னஸ் மீட்டர் போதுமா?

முன்பு கேட்டது: ஓசூரில் இரும்பு பிராக்கெட், அலுமினிய கவர் இரண்டிலும் பவுடர் கோட்டிங் அளக்க எந்த மீட்டர்? முடிவு, எஃப்என் இரட்டை புரோப் (பூச்சின் மேல் வைத்துத் தடிமன் அளக்கும் முனை; எஃப் இரும்புக்கு, என் இரும்பல்லாத உலோகத்துக்கு).

எஃப் புரோப் காந்தத் தூண்டலில் இயங்கும். அடியில் இரும்பு இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் சுழல் மின்னோட்ட என் புரோப். பலர் ஏமாறுவது கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய) இரும்பில்தான். துத்தநாகம் காந்தத்தில் ஒட்டாது. ஆகவே எஃப் புரோப் துத்தநாகத்தையும் பவுடரையும் சேர்த்தே காட்டும். 150 மைக்ரான் வந்தால் அதில் 80 துத்தநாகமாக இருக்கலாம். பவுடர் அடிக்கும் முன்பே துத்தநாகத்தை அளந்து குறித்துவைத்து, பிறகு மொத்தத்தில் கழியுங்கள்.

இரும்பின் மேல் நிக்கல் பிளேட்டிங்குக்கு எஃப் புரோப் சரிவராது. நிக்கலே காந்தத்தன்மை உள்ளது. எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிரால் பூச்சை அளக்கும் கருவி) உள்ள லேபுக்கு அனுப்புவதே மேல்.

ஜீரோ செட்டிங்கை மீட்டரோடு வரும் தகட்டில் செய்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அதே பாகத்தின் பூசாத பீஸில் ஜீரோ, பிறகு எதிர்பார்க்கும் தடிமனுக்கு நெருக்கமான ஃபாயில் (தடிமன் குறித்த மெல்லிய தாள்) வைத்துச் சரிபாருங்கள். தட்டையில் ஜீரோ செய்து சின்னக் குழாயில் வைத்தால் ரீடிங் கூடுதலாக வரும். இரும்பின் ஓரத்திலும் அப்படியே. ஷாட் பிளாஸ்ட் (சிறு உலோக மணிகளை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கிய) பரப்பில் ஐந்து ரீடிங்காவது எடுத்துச் சராசரி பாருங்கள். ஓவனிலிருந்து வந்த பாகம் ஆறட்டும். சூட்டோடு வைத்தால் புரோப் முனை கெடும், அதன் விலை கொஞ்சநஞ்சமில்லை.