"அம்மம்மா, நான் உங்களைக் காதலிக்கிறேன்": உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததா?

வெள்ளவத்தை வாசி:
அண்ணி சிங்களம். கல்யாணத்துக்குப் பிறகு போனில் தமிழ் படிக்கிறார். தைப்பொங்கலன்று வீடு நிறையச் சனம். அம்மம்மாவின் கையைப் பிடித்து, "அம்மம்மா, நான் உங்களைக் காதலிக்கிறேன்" என்றார். பொங்கல் அள்ளிய அகப்பை அந்தரத்தில் நின்றது. சித்தப்பாவுக்குப் புரைக்கேறியது. அம்மம்மா மட்டும், "சரி பிள்ளை, இருந்து சாப்பிடு" என்றார். சிங்களத்தில் 'ஆதரெய்' என்று தாய்க்கும் சொல்லலாம், கட்டிக்கொள்ளப் போகிறவருக்கும் சொல்லலாம். பாவம், அதே கணக்கில் சொல்லிவிட்டார். பிறகு குசினியில் வைத்து, "அப்ப என்ன சொல்ல வேணும்?" என்று கேட்டார். 'பாசம்' என்றேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அப்படி வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லையே! அதுதான் மண்டைக்குள் நிற்கிறது.

கொட்டாஞ்சேனை:
எங்கள் அப்பா ஆராதனையில் வேதம் வாசிப்பவர். யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரம் தெரியும்தானே. பழைய தமிழ் வேதாகமத்தில் இயேசு முதல் இரண்டு தரமும் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்பார். பேதுரு "உம்மை நேசிக்கிறேன்" என்பார். மூன்றாந்தரம் கேள்வியே "நேசிக்கிறாயா" என்று மாறிவிடும். கிரேக்க மூலத்திலும் அங்கே வினை மாறுகிறது. அந்த வரியில் அப்பா நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், குரல் வரவில்லை. மிச்சத்தைப் போதகர்தான் வாசித்து முடித்தார். வரும் வழியில் கேட்டேன். "வெயில்" என்றார். மழைக்காலம் அது.

பம்பலப்பிட்டி:
கொட்டாஞ்சேனை சொன்னதற்கு முதலில். யோவான் அந்த இரண்டு வினைகளையும் மாறி மாறி எழுதுகிறவர், அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அப்பா அழுதது சொல்லுக்காக இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்தது, அண்ணிக்குப் 'பாசம்' சொல்லிக்கொடுத்ததை நான் ஏற்கமாட்டேன். பாசம் என்றால் கயிறு. எமன் கையில் இருப்பதும் அதுதான். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (கட்டு) என்கிறோம். ஆணவம், கன்மம், மாயை எல்லாம் உயிரைக் கட்டும் பாசம். என் அம்மா கோயிலில் "பாசத்தை அறுத்துவிடு" என்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் டொரன்டோவில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் அழுவார். என் கதை அவ்வளவுதான்.

ஆகவே அண்ணிக்கு 'அன்பு' சொல்லிக்கொடுங்கள். குறள் 757 அருளை அன்பு பெற்ற குழவி என்கிறது. தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். பேத்தி முறைக்கு அன்பு போதும். 'பிரியம்' வேண்டாம், கடித வாடை அடிக்கும். 'ஆசை'யும் வேண்டாம், வேறு பக்கம் இழுக்கும். அதோடு அவரை ஒரு நல்ல வகுப்பில் சேர்த்துவிடுங்கள். போனில் படித்தால் இப்படித்தான்.

கொம்பனித்தெரு:
ஐயா, யார் வகுப்புக் கேட்டது? பழந்தமிழில் 'காதலன்' என்றால் மகன் என்றும் பொருள் உண்டு. பிள்ளைமேல் வைப்பதும் காதல்தான் அப்போது. அண்ணி பிழையாகச் சொல்லவில்லை, பிந்திச் சொல்லியிருக்கிறார்.

என் மனைவி கல்முனைப் பக்கம். கல்யாணம் பேசி முடித்த பிறகு முதல் தரம் போனில் கதைக்கும்போது, "உங்களில எனக்குச் சரியான இரக்கம்" என்றா. எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் என்ன பிச்சைக்காரனா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மச்சான் எடுத்துத்தான் விளக்கினான், அவர்கள் ஊரில் உயிராக இருப்பதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். இப்போது நானும் சொல்கிறேன், "உன்னில எனக்கு இரக்கம்" என்று. "கொழும்பாரின்ட வாயில அது எடுபடாது" என்கிறா.